சொல்லிவிட்டுத்தான் தொட்டார்

தவமணி இறந்துவிட்ட செய்தியை எனக்கு முதலில் சொன்னது, அவரை வேலையைவிட்டு அனுப்பிய கம்பெனி. காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பி ஜொகூர் பாரு நெரிசலில் கார் நின்றுகொண்டிருந்தபோது, இணையத் துறைக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. வெள்ளைத் தாமரை, எரியும் விளக்கு, நடுவில் தவமணியின் முகம். கீழே கம்பெனியின் சின்னம், முகத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக. ‘எங்கள் குடும்பத்தின் மறக்க முடியாத உறுப்பினர்’ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். அது அவருடைய பணியாளர் அட்டையில் இருந்த முகம். அந்த அட்டையை ஒரு மதிய வேளையில், பாதுகாவலரைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு அவரிடமிருந்து வாங்கிக்கொண்டதும் இதே குடும்பம்தான். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிக்கும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓரமாக நிறுத்தி அவர் தம்பி குணாவைக் கூப்பிட்டேன். “ஆமாக்கா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு,” என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு நினைவு மலரில் போடுவதற்காகக் குணா என்னிடம் இதைக் கேட்டார். “அக்காவப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க. கம்பெனி கத மட்டும் வேணாம்லா. போனது போயிருச்சு.” நானும் சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், கம்பெனி கதையை எடுத்துவிட்டால் எனக்குத் தெரிந்த தவமணியில் மிச்சமே இல்லை என்று தெரிந்தது. குணா, மன்னித்துக்கொள்ளுங்கள். அச்சிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

உறவினர்களில் பலருக்கு அவர் ‘கம்ப்யூட்டர் வேலை’ பார்த்தார் என்ற அளவில்தான் தெரியும். வீட்டில் பிரிண்டர் மக்கர் செய்தால் அவரைக் கூப்பிட்டிருப்பீர்கள். திட்டிக்கொண்டே வந்து சரிசெய்து கொடுத்திருப்பார். அவருடைய வேலை அதுவல்ல. அவர் இருந்தது, தென் ஜொகூரில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனி. நான் இருப்பது, படங்களையும் நாடகங்களையும் பந்தாட்டங்களையும் பார்க்கிறவர்களுக்கு அருகிலேயே சர்வர்களில் வைத்து அனுப்பும் கம்பெனி. எங்களுக்குச் செடெனாக்கில் ஒரு சர்வர் கூடம், கோலாலம்பூரில் ஒன்று. அவர்களுடைய வலைக்குள் நுழைய இரண்டு வாசல்கள். செடெனாக்கிலிருந்து போவது செனாய் வாசலில் நுழையும். கோலாலம்பூரிலிருந்து வருவது வடக்கு வாசலில் நுழையும். குளுவாங் பக்கத்துப் பாலோவில் ஒருவர் நாடகம் பார்க்க உட்கார்ந்தால், அதை எந்தக் கூடத்திலிருந்து அனுப்புவது என்று முடிவெடுப்பது நாங்கள். அந்த ஊருக்குப் போவதை எந்த வாசலில் ஏற்றுக்கொள்வது என்று முடிவெடுப்பது அவர்கள். ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்தப் பேச்சில்லாத காலத்தில்தான் அவர் எனக்கு முதன்முதலாகப் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“வசந்தி நீங்கதானா? ஒங்க மெசினு எங்க செனாய் லைன ஏறி மிதிக்குது. பாத்துக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கீங்களா?”

“எங்கட பக்கம் எல்லாம் சரியா இருக்கு. உங்கட லைன்தான் நிரம்பி வழியுது,” என்றேன். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அந்தப் பேச்சின் வால் எங்கள் வீட்டில் இன்னும் அறுபடவில்லை.

“எங்கட உங்கட எல்லாம் இருக்கட்டும். நீங்க பேசுறதுக்குக் கீழ எழுத்து ஓட விடணும் போல,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்று முழுவதும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

சில நாள் கழித்து அவரே நேரில் செடெனாக்குக்கு வந்து நின்றார். எங்கள் கூடத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க்குப் பழம் வெட்டும் செம்பனை மரங்கள். உள்ளே வந்தவர் சர்வர் வரிசைகளை மேலும் கீழும் பார்த்தார். “எங்கப்பா இந்தப் பக்கந்தான் வெயில்ல பழம் வெட்டிக்கிட்டு இருந்தாரு. இப்ப ஒங்க மெசினுக்கு ஏசி போட்டு வச்சிருக்கீங்க,” என்றார். அதில் கேலி பாதி, மீதி என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை. வெளியே ஒரு தேநீர்க் கடையில் இரண்டு மடிக்கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எங்கள் பக்கம் நடந்ததை நான் காட்ட, அவர்கள் பக்கம் நடந்ததை அவர் காட்ட, கொஞ்ச நேரத்தில் இருவருக்குமே விளங்கிவிட்டது.

நடந்தது இதுதான். வடக்கு வாசலில் நெரிசல் கூடியதும், அதைக் குறைக்க அவர் குளுவாங் பகுதியைச் செனாய்க்கு மாற்றியிருக்கிறார். அதே நெரிசலைக் கண்டு எங்கள் மெஷின் தானாகவே பத்து பஹாட் என்ற ஊர்ப் பகுதியைச் செடெனாக்குக்கு மாற்றியிருக்கிறது. இரண்டும் செனாய் வாசலில் போய் விழுந்து அது திணறியதும், இருவரும் ஒரே வேளையில் எல்லாவற்றையும் வடக்குக்குத் திருப்பியிருக்கிறோம். கடைத்தெரு ஐந்தடி நடைபாதையில் எதிரெதிரே வருகிற இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடியும் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அதேதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரியாகத்தான் செய்திருந்தது.

“அலமாக்! ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்திருக்கோம்,” என்றார் தவமணி. “யாரு மேல தப்புன்னு அப்புறம் சண்ட போட்டுக்கலாம். மொதல்ல வட்டம் சுத்துறத நிறுத்துவோம்.” படம் ஓடாமல் திரையில் சுழலுமே, அந்த வட்டத்தைச் சொன்னார். அவர் வாழ்நாளில் உண்மையாக வெறுத்தது அந்த வட்டத்தைத்தான்.

அந்தக் கடையிலேயே அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். “சொல்லிட்டுத் தொடு. ஒருத்தர் நகரும்போது இன்னொருத்தர் நிக்கணும். அவ்ளோதான்லா.” பாதையில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் அவர் எனக்குச் சொல்வார், அல்லது நான் அவருக்குச் சொல்வேன். மறுபக்கம் தன் மெஷினைப் பிடித்து நிறுத்திவிட்டு, ‘சரி, தொடு’ என்று சொல்லும். அதன் பிறகுதான் கை வைப்பது. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! இரண்டு கம்பெனிகளின் பெரிய படிப்புப் படித்த நாங்கள் யாருமே அதுவரை ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டது கிடையாது. தவமணியும் பெரிய படிப்புப் படித்தவர்தான். ஆனால் அவருக்கு வெட்கமில்லை, எதிரிக் கம்பெனியின் எண்ணைத் தேடிப் பிடித்துச் சண்டை போட்டார்.

மாற்றம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களிடம் விலை உயர்ந்த கருவிகள் இருந்தன. அவரிடம் பாலோவில் அவர் அம்மா இருந்தார். என்னோடு பேசும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே இன்னொரு போனில், “மா, நாடகம் ஓடுதா?” என்று கேட்பார். “ஓடுது. ஆனா அந்தப் பாவி மாமியா இன்னும் திருந்தல,” என்று பதில் வரும். “பாலோ ஓகே,” என்பார் என்னிடம். எங்கள் கருவிகள் அதே முடிவுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். இப்படியே ஒரு நல்ல காலம் ஓடியது. நாங்கள் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வந்தோம். அவர் என் பேச்சைக் கிண்டல் செய்வதை மட்டும் விடவில்லை.

அவர் அதோடு நிற்கவில்லை. நெரிசல் வந்த பிறகு கூப்பிடுவதைவிட, எந்த ஊருக்கு இப்போது எந்த வாசல் நல்லது என்பதை இணைப்புக் கம்பெனியே முன்கூட்டிச் சொல்லிவிடலாம், சர்வர் கம்பெனி அதைப் பார்த்து அனுப்பலாம் என்று இரண்டு நிர்வாகங்களிடமும் போய்ப் பேசினார். ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். அவருடைய மேலதிகாரி, அவரும் தமிழர்தான், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “நம்ம லைன் எங்க வீக்குன்னு அவங்களுக்கு நம்மளே சொல்லணுமா தவமணி?” என்று கேட்டார். “ரோட்டுல பள்ளம் இருக்குன்னு வர்றவனுக்குச் சொல்றதுல நமக்கு என்னா கௌரவம் போகுது போஸ்? சொல்லலேன்னா விழுறது நம்ம வீட்டு ஆளுங்கதான்,” என்றார் இவர். அறையில் சிலர் சிரித்தார்கள். அந்த மேலதிகாரி சிரிக்கவில்லை.

சிரிக்காதவர் சும்மாவும் இருக்கவில்லை. சில வாரங்களில் இரண்டு கம்பெனிகளின் வழக்கறிஞர்களும் உட்கார்ந்து பேசி, பாதை விவரங்கள் வணிக இரகசியம், ஊழியர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது, எதுவானாலும் இரண்டு கம்பெனிக்கும் பொதுவான ஒரு போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். எங்கள் பக்கம் மெஷினை நிறுத்தும் அதிகாரத்தையும் என்னிடமிருந்து எடுத்துக் கோலாலம்பூரில் ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். அந்தப் போர்ட்டலுக்குள் நுழைய அனுமதி கேட்டுத் தவமணி விண்ணப்பித்தார். அது பரிசீலனையில் இருந்தது. கடைசிவரை பரிசீலனையில்தான் இருந்தது. “எங்கப்பா காலத்துல கங்காணி. எனக்குப் போர்ட்டல். கங்காணியாச்சும் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரு,” என்றார்.

இனி அந்தச் சனிக்கிழமை. மலேசியா விளையாடும் ஆட்டம், மாலையில் எல்லார் வீட்டிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், நெடுஞ்சாலையோரம் மண் தோண்டிய இயந்திரம் ஒன்று வடக்கு வாசலுக்கு வரும் கேபிளை அறுத்துப் போட்டது. பாதி கேபிள் போய், மீதியில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. உத்தரவுப்படி அவர் என் கைபேசிக்குக் கூப்பிடவில்லை. எங்கள் அலுவலகப் பொது எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தது நான்.

“வசந்தி, குளுவாங்க செனாய்க்கு மாத்தப் போறேன். ஒங்க மெசின நிறுத்து.”

“பொறு தவம். கேட்டுச் சொல்றன்.”

என் மேலாளர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். சொன்னேன். போர்ட்டலில் வந்திருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, போனில் வந்திருக்கிறது, ஆள் லைனில் காத்திருக்கிறார் என்றேன். போர்ட்டலில் வராத வரைக்கும் எதுவும் வரவில்லை என்றுதான் பொருள், கோலாலம்பூர்க் குழுவைத் தொந்தரவு செய்ய முடியாது என்றார். நானே அந்தக் குழுவைக் கூப்பிட்டேன். அவர்களும் போர்ட்டல் எண்ணைக் கேட்டார்கள். அந்தப் பக்கம் தவமணி காத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து மேலதிகாரியின் குரல் எனக்கே கேட்டது. “என்னா வேடிக்க பாத்துக்கிட்டு இருக்க? மாத்து, மாத்து!”

“வசந்தி, மறுபடியும் சொல்றேன். தொடப் போறேன். இதுக்கு மேல நிக்க விட மாட்றாங்க,” என்றார். பிறகு தொட்டார். அதே வேளையில் எங்கள் மெஷினும் தன் பங்குக்குச் செடெனாக்குக்கு மாற்றியது. செனாய் வாசல் அடைத்துக்கொண்டது. இரண்டும் வடக்குக்குத் திரும்பி அங்கே மிச்சமிருந்ததையும் கெடுத்தன. குளுவாங்கிலிருந்து கூலாய்வரை ஆட்டம் முடியும்வரை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரே திட்டியது.

விசாரணை நடத்தினார்கள். பாதை விஷயத்தில் ஒத்துழைக்க மாட்டோம் என்ற இரண்டு கம்பெனிகளும் பழி விஷயத்தில் அழகாக ஒத்துழைத்தன. ‘இணைப்பு நிறுவனத்தின் பொறியாளர் தவமணி, முன்னறிவிப்பின்றிச் செய்த மாற்றமே காரணம்’ என்று கூட்டறிக்கையில் எழுதினார்கள். நான் எழுந்து, அறிவிப்பு வந்தது, போனை எடுத்தது நான், இரண்டு முறை சொன்னார் என்றேன். நன்றி சொன்னார்கள். அறிக்கையில் அது வரவில்லை. திரும்பக் கேட்டதற்கு என் மேலாளர், இது இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயம், நீ ஏன் கெடுக்கிறாய் என்றார். மாற்று, மாற்று என்று கத்தியவர் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

வேலை போனது தவமணியை அவ்வளவு தாக்கவில்லை. “வேல போனா போகட்டும். வேற எடத்துல பொழச்சுக்குவேன். ஆனா ‘சொல்லாம தொட்டா’ன்னு எழுதியிருக்கானுங்க பாரு, அந்த ஒரு வரிய மாத்தச் சொல்லு வசந்தி. வேற ஒண்ணும் வேணாம்.” அந்த வழக்கத்தை உண்டாக்கியவரே அதை மீறினார் என்று எழுதினால் எப்படித் தாங்குவார்? இரண்டு கம்பெனிக்கும் நான் எழுதினேன், அவரும் எழுதினார். பதில் இல்லை. வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் அறிக்கை அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அந்தத் தவமணி நீங்கள்தானா என்று கேட்டார்களாம். கடைசியில் செனாயில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு கணினியை அணைத்துப் போடுவதற்கு முன்னால், உற்பத்தி வரிசையின் மேற்பார்வையாளரிடம் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு, அவர் தலையாட்டும்வரை நிற்பாராம். அங்கே வேலை செய்யும் ஒருவர் சாவு வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இந்த ஆண்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரு புதிய திட்டத்தை ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் தொடங்கிவைத்தன. எந்த ஊருக்கு எந்த வாசல் நல்லது என்று இணைப்புக் கம்பெனி முன்கூட்டிச் சொல்லும், சர்வர் கம்பெனி அதன்படி அனுப்பும். மறுபக்கம் ‘சரி’ என்று சொல்லாமல் எந்தப் பக்கமும் பாதையைத் தொடாது. மேடையில் இதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்றார்கள். அதே மேலதிகாரி, இப்போது இன்னும் பெரிய பதவியில், மாலை போட்டுக்கொண்டார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து படம் எடுத்துத் தவமணிக்கு அனுப்பினேன். குரல் செய்தி வந்தது. முதலில் வெடித்துச் சிரித்தார். “அடப்பாவிங்களா! சாப்பாடாச்சும் நல்லா இருந்துச்சா?” பின்னணியில் அம்மாவின் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, “அந்த வரிய மாத்துனாங்களா?” என்றார். இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

பாலோவில் அவர் வீட்டு வாசலில் இரண்டு பெரிய மலர்வளையங்கள் நின்றன, ஒன்று அவர்களுடையது, ஒன்று எங்களுடையது. இரண்டு கம்பெனிகளும் ஒரே வாசலில் சண்டையில்லாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். மேலதிகாரியும் வந்திருந்தார். குணாவின் தோளைத் தட்டி, “இந்தத் திட்டத்துக்கே விதை போட்டது ஒங்க அக்காதான்,” என்றார். அதை ஏன் அந்த மேடையில் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னை யாரோ பைத்தியம்போலப் பார்த்துவிட்டு, ஒரு மீட்டிங் இருக்கிறது என்று, உடலை எடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

தவமணியின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் வசந்தியா? ‘சொல்லிட்டுத்தான்மா தொட்டேன்’னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்கு அது என்னான்னு வெளங்காது. நீங்களும் அப்படித்தான் சொன்னீங்களாமே?”

“ஓமம்மா. போன எடுத்தது நான்தான்.”

“அது எங்கயாச்சும் எழுதியிருக்கா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் கையை விடாமல் வைத்திருந்தார்.

தவமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வழக்கம்தான். பாதையைத் தொடும்போதெல்லாம் மறுபக்கத்துக்குச் சொல்கிறேன். புதிய திட்டத்தில் அந்தப் பக்கத்து மெஷின் கண் சிமிட்டும் முன்னே ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் அனுப்பிவிடுகிறது. நான் அப்புறமும் சற்று நிற்கிறேன், பின்னால் நாடகச் சத்தத்தோடு ஒரு குரல் வரும் என்பதுபோல.

இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் செய்தேன். எழுதி முடித்ததும் இரண்டு கம்பெனிகளுக்கும் அனுப்பி, இதைத் தவமணியின் குடும்பத்திடம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். பதில் இல்லை. மறுபடியும் சொன்னேன். என் வேலை இதற்குப் பிறகு இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டு முறை சொல்லியாகிவிட்டது, இனித் தொடுகிறேன்.

குணா, அம்மாவுக்கு இதை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள். அம்மா, இதோ எழுதியிருக்கிறது: அந்தச் சனிக்கிழமை உங்கள் மகள் தவமணி சொல்லிவிட்டுத்தான் தொட்டார். போனை எடுத்தது நான்.